அந்தப் பெட்டி போடாத சத்தம்

ஏணி மேல் நின்றிருந்த பெயின்டர் உட்பட எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. மறுநாள் பத்து மணிக்கு அருங்காட்சியகத்தின் புதிய கூடம் திறக்க இருந்தது. சுவர்களில் பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. கூடத்தின் நடுவில் ஒரு மேஜை, அதன் மேல் பச்சை எழுத்துத் திரையுடன் முப்பத்தைந்து வயதான ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு டெலிபோன். டெலிபோனுக்குக் கீழே, சாம்பல் நிறத்தில், டிபன் பாக்ஸை அமுக்கித் தட்டையாக்கியது போல ஒரு மோடம்.

பார்வையாளர்கள் ஒரு பட்டனை அழுத்தினால் இந்த மோடம் டெலிபோன் வழியாக வேறொரு மோடத்தைக் கூப்பிடும். அந்த மோடம் எடுத்ததும் பழைய கம்ப்யூட்டர் இன்டர்நெட்டில் சேர்ந்துவிடும். உலகத்தில் எங்கோ ஒருவர் இன்னும் நடத்திக்கொண்டிருக்கும், ஆட்கள் செய்தி எழுதிப்போடும் எழுத்துப் பலகை ஒன்று திரையில் வரும். நாம் ஒரு வரி தட்டினால் அங்கிருந்து யாராவது பதில் போடுவார்கள். ஏற்பாடு இவ்வளவுதான்.

பட்டனை அழுத்தியது என் கணவன். அவன்தான் அந்த அருங்காட்சியகத்தின் டெக்னீஷியன். எண்கள் அழுந்தி முடிந்தன, சத்தம் கூடம் முழுக்கப் பரவியது. முதலில் விசில். அப்புறம் கரகரப்பு. அப்புறம் ரப்பர் பந்து தரையில் துள்ளுவது போல 'டொய்ங், டொய்ங்'. கடைசியில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டது மாதிரி இரைச்சல். பச்சைத் திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன.

"அய்யய்யோ, என் தங்கச்சி பரீட்சை ரிசல்ட் பார்த்தப்ப இதே சத்தம்தான் சார் வந்துச்சு!" என்றார் பெயின்டர், பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டே. "அவ ஃபெயிலு!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவனின் அக்கா, அந்தக் கூடத்தின் பொறுப்பாளர், என் தோளைத் தட்டினார்.

"பாத்தியா மோடம்மா, உன் பெட்டி வாயைத் திறந்துடுச்சு! இந்தா, பெட்டி பக்கத்துல வெக்கற கார்டுல ஒரு கையெழுத்துப் போடு. ஃபிரேம் பண்ணக் கொடுக்கணும்."

மோடம்மா என்பது அண்ணி எனக்கு வைத்த பெயர். என் வேலை ஆஸ்பத்திரியில் காது சோதிப்பது. கண்ணாடி அறைக்குள் ஒருவரை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, விசில் விசிலாக அனுப்பி, எது கேட்கிறது எது கேட்கவில்லை என்று குறிப்பேன். வீட்டுக்கு வந்தால் மோடம். எங்கெங்கோ இருந்து ஆட்கள் போட்டோ அனுப்புவார்கள். பரணில் கிடைத்தது, இது என்ன மோடம், என் பழைய கம்ப்யூட்டரை இதை வைத்து இன்டர்நெட்டில் சேர்க்க முடியுமா என்று கேட்பார்கள். முகப்பில் விளக்குகள் எந்த வரிசையில் இருக்கின்றன, அடியில் என்ன எண், திருகாணி எங்கே என்று பார்த்தே பாதி சொல்லிவிடுவேன். ஓட்டிக் காட்டினால் மீதியைக் காது சொல்லிவிடும்.

அந்தக் காதுதான் அன்று என்னைக் கூடத்தின் நடுவில் கல்லாக நிறுத்தியது.

மேஜை மேல் இருந்தது வினாடிக்கு இரண்டாயிரத்து நானூறு பிட் வேகம் உள்ள மோடம். அதற்குத் தெரிந்தது ஒரு நீள விசில், ஒரு ரீங்காரம், கொஞ்சம் இரைச்சல், அவ்வளவுதான். நாலைந்து வினாடியில் முடிந்துவிடும். எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் அந்த 'டொய்ங், டொய்ங்' ஐம்பத்தாறாயிரம் வேகத்து மோடங்களுடையது. இந்தப் பெட்டி செய்யப்பட்டுப் பத்து வருடத்துக்கும் மேல் கழித்துப் பிறந்தது. தொட்டில் குழந்தை திடீரென்று எழுந்து உட்கார்ந்து வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேசினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

"ஒரு நிமிஷம் அண்ணி" என்று கார்டை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

இப்போதைய டெலிபோன் லைன்கள் பழைய மோடத்தின் குரலைச் சிதைத்துவிடும். அதனால் பின்னறையில் அழைப்பை இணைக்க ஒரு சின்ன எக்ஸ்சேஞ்ச் பெட்டியும், மறுமுனையில் எடுப்பதற்கு இன்னொரு மோடமும் வைக்கவேண்டும் என்று நான்தான் படம் போட்டுக் கொடுத்திருந்தேன். இரண்டும் அலமாரியில் இருந்தன. மோடத்தின் வயர் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டபடியே இருந்தது. மேலே விரலால் கோடு இழுத்தேன். தூசி.

கூப்பிட்ட போனை எடுக்க ஆளே இல்லை. பேசி முடித்துவிட்டது பெட்டி.

கூடத்துக்குத் திரும்பி, மேஜையிலிருந்து மோடத்தைக் கழற்றி எடுத்தேன். "எங்க எடுத்துட்டுப் போறே?" என்றான் என் கணவன். குரலிலேயே எல்லாம் இருந்தது. நான் ஸ்டோர் ரூமுக்கு நடந்தேன். அவன் பின்னால் வந்தான். கதவைச் சாத்தினேன். நாலு திருகாணி. மூடியைத் தூக்கினேன்.

உள்ளே காலி. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு புது போர்டு, இருபக்க டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பொம்மை ஸ்பீக்கர்.

"இது என்ன?"

"சின்ன போர்டு."

"போர்டுன்னு எனக்கும் தெரியும். இங்க என்ன பண்ணுது?"

"வைஃபைல கனெக்ட் ஆகும். கம்ப்யூட்டருக்கு மோடம் மாதிரியே தெரியும்..."

"மாதிரியே."

அவன் மூடியை எடுக்கக் கை நீட்டினான். நான் தள்ளி வைத்தேன்.

"பழைய போர்டு எங்க?"

அவன் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"உங்களைத்தான் கேக்கறேன். எங்கங்க அது?"

கல்லூரியில் ஒரே லேபில் சோல்டரிங் பிடித்துக் காதலித்தவர்கள் நாங்கள். எங்களுக்குள் எப்போதும் வாடா, போடிதான். நான் 'நீங்க' என்று ஆரம்பித்தால் நிலைமை என்னவென்று அவனுக்குத் தெரியும். சுவரோடு சாய்ந்துகொண்டான்.

"எரிஞ்சுடுச்சு."

"தானா எரிஞ்சுதா?"

"இல்ல. நான்தான். லேபிள் பிரின்டரோட அடாப்டரும் அதே மேஜைல கெடந்துச்சு. ரெண்டும் கறுப்பு. ரெண்டுக்கும் ஒரே பின். படிச்சுப் பாக்காம சொருகிட்டேன். புகை வந்தப்பதான்..."

அந்தப் பெட்டிக்கு ஒன்பது வோல்ட் மாறுதிசை மின்சாரம் போதும். பிரின்டர் அடாப்டர் கொடுப்பது இருபத்துநாலு வோல்ட் நேர்திசை மின்சாரம். பின் பொருந்துகிறதே என்று எதையும் சொருகக் கூடாது என்று முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு எழுதியிருக்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்கு எழுத வேண்டும் என்று தோன்றாமல் போய்விட்டது.

"எப்ப?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரம்! போன ஞாயித்துக்கிழமை தோசை சுட்டுக்கிட்டே கேட்டேனே, பெட்டி எப்படி இருக்குன்னு. என்ன சொன்னீங்க?"

அவன் டேப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

"சொல்லுங்க."

"ஜம்முனு இருக்குன்னு."

"ஜம்முனு! சொல்லிட்டு ரெண்டாவது தோசை கேட்டு வாங்கித் தின்னீங்க. இருபத்தோரு நாள் பக்கத்துல படுத்துத் தூங்கினீங்க. குறட்டை வேற!"

"உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சும்மா. உன் கோபம் எனக்குத் தெரியாதா?"

அதுவரைக்கும் என் கோபம் கைகளில் மட்டும் இருந்தது. இப்போது தலைக்கு ஏறியது.

"ஓஹோ. எரிச்சது நீங்க. மறைச்சது நீங்க. பொம்மை ஸ்பீக்கர் வாங்கி ஒட்டினது நீங்க. காரணம் மட்டும் என் கோபமா? நல்லா இருக்கே கதை! நான் சாதுவா இருந்திருந்தா மோடம் எரிஞ்சிருக்காதோ?"

"அப்படிச் சொல்லலை..."

"அப்படித்தான் சொன்னீங்க."

அவன் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். இரண்டு வருடம் முன்பு என் ஹெட்போன் ஒன்றை அவன் காரில் நசுக்கியதை ஒரு மாதம் சொல்லிக் காட்டியவள் நான். ஆனால் என் கோபத்தைத் தாங்குவது ஒன்றும் புதிதாக வந்த கஷ்டம் இல்லையே. பன்னிரண்டு வருடமாகத் தாங்கியவன், இந்த ஒரு தடவை தாங்கியிருக்கலாம். ஏனென்றால் எரிந்தது என் பொருள் இல்லை, அவன் பொருளும் இல்லை.

"அந்தச் சத்தம் எங்க புடிச்சீங்க?"

"நெட்ல. மோடம் சவுண்டுன்னு தேடினேன். முதல்ல வந்தது."

"முதல்ல வந்தது! பன்னெண்டு வருஷம் என்கூட குடித்தனம் பண்ணிட்டு, எந்த மோடம் என்ன சத்தம் போடும்னு தெரியாதா? பொய் சொல்றதுலயாவது ஒரு அக்கறை வேண்டாமா?"

கதவு திறந்தது. அண்ணி. கையில் பேனா.

"என்ன நடக்குது உள்ள? பெயின்டர் ஏணியை விட்டு எறங்கி வந்து காதைக் கொடுத்துக்கிட்டு நிக்கறார்."

நான் மூடியைத் திருப்பிக் காட்டினேன். அவன் சொன்னான். இரண்டே வாக்கியம். அண்ணி முதலில் தம்பியைப் பார்த்து, "உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்காடா?" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தைப் பார்த்த பார்வையிலேயே அடுத்து என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சரி, ஆனது ஆச்சு. நாளைக்கு சேர்மன் வர்றார். ஸ்கூல் பசங்க நூத்திருபது பேர் வர்றாங்க. இப்ப எதுவும் மாத்த முடியாது. சத்தம்தான் தப்புன்னா சரியான சத்தத்தைப் போட்டுடலாம். உங்கிட்ட ரெக்கார்டிங் இருக்கும்ல?"

"அண்ணி!"

"இல்லன்னா உன் வீட்டுல நாப்பது மோடம் கெடக்கே, அதே வேகத்துல ஒண்ணை இந்த டப்பாவுக்குள்ள வை. யாருக்குத் தெரியப்போகுது?"

"மாப்பிள்ளை ஓடிப்போயிட்டா, அவனோட கோட்டு சூட்டைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மாட்டிவிட்டு மேடைல உக்கார வைப்பீங்களா?"

"எல்லாத்துக்கும் ஒரு எடக்கு! பெட்டியைக் கொடுத்த டைப்பிஸ்ட் அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. சத்தம் கேட்டா சந்தோஷப்படுவாங்க. அவங்க மனசை எதுக்கு நோகடிக்கணும்?"

"அவங்களுக்குக் காது நல்லாக் கேக்கும் அண்ணி. டெஸ்ட் பண்ணதே நான்தான்."

உண்மை அது. நாலு மாதம் முன்பு டைப்பிஸ்ட் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண்ணாடி அறையில் விசில்களுக்கு ஒழுங்காகக் கை தூக்கிக்கொண்டிருந்தவர், இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வந்ததும் சிரித்துவிட்டார். "இது கிட்டத்தட்ட எங்க மோடம் போனை எடுக்கற விசில்" என்றார். எனக்கு நாற்காலியில் இருப்பு கொள்ளவில்லை. அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்த அவர், மாலையில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துப் பலகை நடத்தியிருக்கிறார். ஒரே லைன். ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். வேலை வேண்டும், பூனை காணோம், பழைய சைக்கிள் இருக்கிறது என்று ஊரே அதில் எழுதிப்போட்டது. பதினொரு வருடம். அவர் கணவர் கப்பலில் சமையல்காரர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் எங்காவது ஒரு கம்ப்யூட்டரைப் பிடித்து இதற்குப் போன் போட்டு நாலு வரி எழுதுவாராம். "அவர் கூப்பிட்டா முதல்ல எடுக்கறது இதுதான். நான் சக்களத்தின்னு திட்டுவேன்" என்றார். கணவர் போய் ஒன்பது வருடம். அதற்கும் முன்பே பெட்டி பரணுக்குப் போய்விட்டது.

முகப்புப் பெயரெல்லாம் அழிந்திருந்த அந்தப் பெட்டியை அவர் வீட்டுக்கே போய், அடியில் இருந்த எண்ணை வைத்து, இன்ன மோடம் என்று கண்டுபிடித்தேன். அங்கே ஒரே ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். விளக்கெல்லாம் எரிந்தது. கூப்பிட லைன் இல்லாததால் குரலைக் கேட்கவில்லை. அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டபோது அவர் தயங்கினார். யார் யாரோ கை வைப்பார்கள் என்றார். "வேற யாரும் வேண்டாம்மா. நானே என் கையால ஓட விடறேன். நீங்க வந்து கேளுங்க" என்றேன். அதற்காகத்தான் கொடுத்தார். அதைக் கேட்கத்தான் மறுநாள் வரப்போகிறார்.

நான் கையெழுத்துப் போடவேண்டிய கார்டில் இருந்தது இதுதான்: 'இந்த மோடம் தன் சொந்தக் குரலில் இன்றும் பேசுகிறது.'

கார்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

"கெளம்புங்க" என்றேன் அவனிடம். "அந்த அம்மாகிட்ட நீங்க சொல்லணும். இன்னிக்கு, இப்ப. எரிஞ்ச போர்டையும் எடுத்துக்கோங்க."

"நாளைக்கு முடிஞ்சதும்..." என்று ஆரம்பித்தார் அண்ணி.

"முடிஞ்சதும் என்ன அண்ணி? ஏமாந்து கை தட்டிட்டுப் போனதுக்கு அப்புறமா?"

அண்ணியும் வந்தார். கூட வந்தால் என்னைத் தடுக்கலாம் என்று நினைத்திருப்பார். எரிந்த போர்டு கார் டிக்கியில், அவன் ஜிம் துண்டில் சுற்றி இருந்தது. மதிய இடைவேளைகளில் அதைச் சரிசெய்யப் பார்த்திருக்கிறான். இரண்டு பாகங்களை மாற்றியிருந்தான். ஒட்டு அழகாகத்தான் இருந்தது. அந்த அழகைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேனே.

காரில் அண்ணி முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பேசினார். "நீ ரொம்ப ஓவராப் பண்றே. ஒரு மோடம். மனுஷன் இல்ல."

"மனுஷனா இருந்தா சொல்லாம விட்டிருப்பீங்களா?"

"வாயி, வாயி! இவன் எப்படித்தான் உன்கூட..."

"அக்கா, விடு" என்றான் அவன். அன்றைக்கு அவன் பேசிய முதல் உருப்படியான வார்த்தை அதுதான்.

டைப்பிஸ்ட் அம்மாவின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

உள்ளே உட்காரச் சொன்னார். நாங்கள் யாரும் உட்காரவில்லை. நாளைக்குக் கட்டிக்கொள்ள ஒரு நீலப் புடவை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. அவன் அதைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. அடாப்டர், புகை, மூன்று வாரம், உள்ளே வைத்த புது போர்டு, பொம்மை ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சொன்னான். என்னைப் பற்றியோ என் கோபத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை.

டைப்பிஸ்ட் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அந்த ஸ்பீக்கர்ல என்ன சத்தம் வெச்சே?"

"நெட்ல எடுத்ததும்மா."

"போடு, கேப்போம்."

"வேண்டாம்மா..."

"போடுன்னேன்."

அவன் போனில் போட்டான். விசில், கரகரப்பு, டொய்ங், டொய்ங், இரைச்சல். அந்தச் சின்ன ஹாலில் அது அசிங்கமாக ஒலித்தது. அவர் தலையைச் சாய்த்து முழுக்கக் கேட்டார்.

"இது யாரு?" என்றார். "இவங்க எங்க வீட்டுக்குப் போன் பண்ணதே இல்லையே."

அவன் போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

"நாளைக்கு என்னை முன்வரிசைல உக்கார வெச்சு இதைப் போட்டிருப்பீங்க. எல்லாரும் கை தட்டியிருப்பாங்க. அந்தக் கூட்டத்துல நான் மட்டும், இது அது இல்லையே, என் காது கெட்டுப்போச்சா, மூளை கெட்டுப்போச்சான்னு முழிச்சிருப்பேன். வீட்டுக்கு வந்தும் அதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். எரிச்சதைக் கூட விடுப்பா. கைதவறும். கெழவிக்கு எது போட்டாலும் போதும்னு நெனச்சே பாரு, அதை என்னன்னு சொல்றது?"

"தப்புதான்மா."

"தப்புதான். வேற என்ன?"

அண்ணி தொண்டையைச் செருமினார். "அம்மா, எங்க தரப்புல..."

"உங்க தரப்பு அப்புறம். உங்ககிட்ட நான் கொடுக்கலை." டைப்பிஸ்ட் அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன சொன்னே எங்கிட்ட?"

நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் அவர் பக்கத்தில் அல்லவா நின்றுகொண்டிருந்தேன்?

"நானே என் கையால ஓட விடறேன்னு சொன்னே. சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்மா."

"எத்தனை தடவை போய்ப் பாத்தே?"

ஆஸ்பத்திரியில் இன்னொரு பெண் பிரசவ விடுப்பில் போனது, பள்ளிக்கூடங்களில் காது பரிசோதனை முகாம், எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. 'உன் ஆபீஸ்தானே, நீயே பாத்துக்கோ' என்று பெட்டியை அவன் கையில் கொடுத்தது நான். அடாப்டரைத் தனியாகச் சுற்றிச் சீட்டு ஒட்டிக் கொடுக்காததும் நான். தோசைக்கல் முன்னால் நின்று விசாரித்ததோடு சரி.

"ஒரு தடவைகூடப் போகலைம்மா."

"அப்புறம் இவரை மட்டும் கொண்டாந்து முன்னாடி நிறுத்தியிருக்கே, போலீஸ் மாதிரி."

என் காது சூடானது. கோபம்தான் அதுவும். ஆனால் எறிவதற்கு எதிரே ஆள் இல்லாத கோபம். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே சண்டை போட்டிருப்பேன்.

"குடு அதை" என்று அவர் கை நீட்டினார். அவன் துண்டைப் பிரித்துக் கொடுத்தான். ஒரு மூலையில் கறுப்பாக வெடித்த பாகம். லைன் பக்கத்துப் பெரிய சிப்பின் நடுவில் கடுகளவு ஓட்டை. அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"இன்னும் நாத்தம் அடிக்குது. சரி பண்ண முடியுமா?"

அவன் என்னைப் பார்த்தான். அண்ணியும் பார்த்தார். 'முடியும் என்று சொல்லேன்' என்று அண்ணியின் புருவம் கெஞ்சியது.

"கம்ப்யூட்டர் பக்கம் உயிர் வரலாம்மா. விளக்கு எரியும். லைன் பக்கத்து சிப் போயிடுச்சு. வேற பெட்டியிலேர்ந்து எடுத்துப் போட்டா விசில் வரும். ஆனா அது அந்தப் பெட்டியோட விசில். இதோடது இல்ல. இதோடது இனி வராது."

அவர் எழுந்து சமையலறைக்குள் போனார். குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெகு நேரம் விழுந்தது. அண்ணி வாயைத் திறந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

முகம் கழுவிக்கொண்டு வந்தவர், "கார்டு எழுதியிருப்பீங்களே, எங்க?" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். படித்தார். 'சொந்தக் குரலில்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. கார்டைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து என்னிடம் தள்ளினார்.

"எழுதிக்கோ. முப்பது வருஷம் மத்தவங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். இன்னிக்கு நான் சொல்றேன்."

பேனா எடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இந்த மோடம் பதினொரு வருடம் ஒரு வீட்டில் போன் எடுத்தது. ஆச்சா? கண்காட்சிக்குக் கொண்டுவந்த இடத்தில் தவறான அடாப்டரைச் சொருகி எரித்துவிட்டார்கள். இப்போது இந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் சேர்ப்பது பக்கத்தில் இருக்கும் புது போர்டு. அதற்குச் சத்தம் கிடையாது. அவ்வளவுதான்."

"எரித்துவிட்டார்கள்னு வேண்டாமேம்மா" என்றார் அண்ணி மெதுவாக. "பழுதடைந்ததுன்னு போடலாம். சேர்மன் படிப்பார்."

"தானா பழுதாச்சா?"

அண்ணி நாற்காலியில் தொங்கிய புடவையைப் பார்த்தார்.

"அப்ப அப்படியே இருக்கட்டும். போர்டை டப்பாவுக்குள்ள வெச்சு, மூடியைத் திறந்தே வைங்க. ஓட்டை எல்லாருக்கும் தெரியணும். ஸ்கூல் பசங்க கேட்டா நானே சொல்றேன்."

"நீங்க வருவீங்களா?" என்றான் அவன்.

"வராம? என் பெட்டிப்பா அது."

கார்டு என் முன்னால் இருந்தது. கீழே கையெழுத்துக்கு இடம் இருந்தது. பேனாவை மூடப் போனேன், முடியவில்லை. இன்னொரு வரி எழுதினேன். 'இதைத் தானே இயக்குவதாக உரிமையாளரிடம் சொன்னவர், ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.' அதன் கீழ் என் பெயரைப் போட்டேன். எழுத்து கொஞ்சம் கோணிக்கொண்டது.

அவன் பேனாவை என் விரல்களிலிருந்து எடுத்தான். 'சொருகியவர்' என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரை எழுதினான்.

டைப்பிஸ்ட் அம்மா கார்டை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"எழுத்துப்பிழை இல்லை" என்றார். "நாளைக்கு ஒன்பதரைக்குக் கார் அனுப்புங்க. மூணு மாடி எறங்கி பஸ்ல எல்லாம் வரமாட்டேன்."

படியில் இறங்கும்போது அண்ணி போனை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார். மறுபடி எடுத்தார். "சேர்மன்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான்" என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். அண்ணி எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு, செருப்புச் சத்தம் அதிர முன்னால் போனார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவன் நின்றான்.

"இன்னும் கோபமா?"

"ஆமா."

"எம்மேலயா?"

"உங்க மேலதான் முக்காவாசி. மீதி எங்க வெக்கறதுன்னு தெரியலை."

"வீட்டுக்குப் போய்..."

"வீட்டுக்குப் போய் நிறையக் கேப்பேன். தோசைல ஆரம்பிப்பேன். எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்."

"சொல்றேன்."

"இப்ப நடங்க. பெயின்டர் கை வெக்கறதுக்குள்ள அந்த ஸ்பீக்கரைப் பிச்சு எடுக்கணும்."